கழுகக்காவும் ஒரு பழைய பிராசசரும்

பழைய கம்ப்யூட்டர் சாமான்களை வாங்கி விற்கிற இணையச் சந்தை ஒன்று உண்டு. அங்கே கழுகக்காவைத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர் நேற்றுத்தான் வந்து சேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது பெற்றவர்கள் அல்ல, அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்த வியாபாரிகள். ஒருவன் பழைய பிராசசர் ஒன்றைத் துடைத்து, மினுக்கி, நாலா பக்கமும் விளக்கைப் போட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி படம் பிடித்துப் போட்டிருப்பான். சற்று நேரத்தில் படத்துக்குக் கீழே அவளுடைய ஒற்றை வரி வந்து நிற்கும்: "இடது மூலையில ஒரு பின்னைக் காணோமே?" அதோடு அந்த ஆள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான்.

பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை என்கிறார்கள். கையில் எடுத்தால் பிஸ்கட் அளவுகூட இருக்காது. மேலே பளபளவென்று ஓர் உலோக மூடி. கீழே தங்க நிறத்தில், தலைமுடி கனத்தில், நூற்றுக்கணக்கான பின்கள். ஒரு பின் வளைந்தால் சண்டித்தனம் பண்ணும், ஒன்று உடைந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. இதைப் போய்ப் படத்தில் பார்த்து வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் கிறுக்கு இருந்தாக வேண்டும். கழுகக்காவுக்குக் கொஞ்சம் என்று சொன்னால் அது அவளைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

பகலில் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது, கண்ணுக்கே தெரியாத திருகாணியைத் திருகுவது, மூக்கில் உட்காருகிற சின்னக் கம்பியை மூக்குக்குத் தக்கபடி வளைப்பது, இதெல்லாம் அவளுடைய வேலை. கழுத்தில் எப்போதும் ஒரு குட்டி பூதக்கண்ணாடி தொங்கும். வீடு அண்ணனுடையது. மாடி அறை அவளுடையது. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேளைக்கு ஒரு பதில் சொல்லி, யாருக்கு என்ன சொன்னோம் என்பது அவளுக்கே மறந்துபோயிற்று.

கிறுக்கு பிடித்த கதை சின்னதுதான். கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் கிழடு தட்டிப்போனதென்று முதலாளி அதைத் தூக்கிப் போடப் போனார். பாவமாக இருக்கிறதே என்று இவள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அது விழித்தெழுவதற்குள் இவள் குளித்துவிட்டு வந்துவிடலாம். அதற்குள் பிராசசர் செருகியிருக்கிற பலகையைப் போர்டு என்பார்கள்; அதே பலகையில் உட்காரக்கூடிய இன்னும் நல்ல பிராசசர் செகண்ட் ஹேண்டில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று எங்கோ படித்தாள். வாங்கினாள், மாட்டினாள். பட்டனை அமுக்கிவிட்டு நாற்காலியை இழுப்பதற்குள் கம்ப்யூட்டர் தயாராக நின்றது. கழுகக்கா நாற்காலியை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினாள். கீழே அண்ணன் மேற்கூரையைப் பார்த்தான்.

அன்று ஆரம்பித்தது. அடுத்து அதைவிட நல்லது, அதற்கடுத்து அதையும்விட நல்லது. வாங்கி, மாட்டி, ஓடுவதைப் பார்த்து, குதித்து, கழற்றி, துடைத்து, வேறு யாருக்காவது விற்றுவிட்டு அடுத்ததைத் தேடுவாள். "இவ்வளவு வேகமா ஓடுற கம்ப்யூட்டர்ல நீ என்னதான் பண்ணுவே?" என்று அண்ணன் ஒரு நாள் கேட்டான். "ஓடுதான்னு பாப்பேன்" என்றாள் இவள். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை. தங்கை சந்தோஷமாக இருக்கிறாள், அது எதனால் என்று புரிந்துகொள்வது தன் சக்திக்கு மீறியது என்று விட்டுவிட்டான்.

அவள் சாமானை எடைபோடும் விதமே தனி. முதலில் படத்தைப் பார்க்க மாட்டாள், பேச்சைப் படிப்பாள். "நல்லா ஓடிக்கிட்டிருந்தப்பவே கழட்டினது" என்றால் பாதி நம்பலாம். "டெஸ்ட் பண்ண எங்கிட்ட போர்டு இல்ல" என்றால் டெஸ்ட் பண்ணிப் பார்த்து, செத்துப்போனது தெரிந்து, மனசைத் தேற்றிக்கொண்டு விற்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். "அவசரம், இன்னைக்கே எடுத்துக்கணும்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் படம். மூடியில் எழுத்து தேய்ந்திருக்கிறதா, யாராவது சுரண்டி வேறு எழுத்துப் பொறித்திருக்கிறார்களா, ஓரத்தில் கருகல் இருக்கிறதா, பின் வரிசை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நேராக நிற்கிறதா, எவனாவது ஒருத்தன் சாய்ந்து பக்கத்திலிருப்பவனோடு பேசிக்கொண்டிருக்கிறானா என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பாள். பழைய சாமான் என்றாலே அவளுக்குச் சந்தேகம்தான். குற்றமில்லை என்று நிரூபிக்க வேண்டியது சாமானின் பொறுப்பு.

வாங்கியபின் ஒரு மதிப்புரை எழுதுவாள். அதை நம்பித்தான் பலர் அந்த வியாபாரியிடம் போனார்கள், போகாமலும் இருந்தார்கள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது.

அவளுடைய பலகையில் உட்காரக்கூடிய பிராசசர்களிலேயே கடைசியும் பெரியதுமான ஒன்று இருந்தது. வைத்திருப்பவர்கள் அதை விடுவதில்லை. விற்பனைக்கு வந்தால் போலியாக இருக்கும், இல்லாவிட்டால் பாதிப் பின் இருக்காது. ஒரு நாள் மத்தியானம் கடையில் சாப்பாட்டு வேளையில் அவள் போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அது வந்து நின்றது. விற்பவர் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர் ஓட்டை வாளி.

ஓட்டை வாளி எழுதியிருந்தது இது: "நல்லா ஓடுது. ஓரத்துல ஒரு பின் முன்னாடி வளைஞ்சு நான்தான் நிமித்தினேன். இப்பவும் கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரிதான் நிக்கும். மூடியில ஒரு கறை இருக்கு, எவ்வளவு துடைச்சும் போகல, எனக்கும் அவ்வளவு பொறுமை இல்ல. அட்டைப்பெட்டி எலி கடிச்சது. எலியைத் தர முடியாது."

கழுகக்கா கடையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒருவர் தன்னைத்தான் கேலி செய்கிறாளோ என்று சட்டையைச் சரிசெய்துகொண்டார். இத்தனை வருஷத்தில் தன் சாமானின் குறையைக் கேட்காமலே சொன்ன ஒரு வியாபாரியை அவள் பார்த்ததில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். அந்தக் கூச்சப்பட்ட பின் ஓரத்தில் நின்றது, மற்றவையெல்லாம் அச்சுப் பிசகாமல் நின்றன. எழுத்து அசல். கருகல் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, நூற்றுக்கு நூறு நல்ல சாமான்.

வாங்குகிறேன் என்று அப்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கீழ்ப்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

மறுநாள் படம் வந்தது. கூடவே நாலு வரி. படத்தைவிட நாலு வரியை அவள் அதிகம் தடவை பார்த்தாள். பிறகு வலது ஓரத்தைக் கேட்டாள். அதுவும் வந்தது, அதோடு எலி மறுபடியும் வந்துபோன செய்தியும் வந்தது. பிறகு நடுப்பகுதி. பிறகு மூடி, பக்கவாட்டில். பிறகு, வலது ஓரம் சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தடவை. அவர் ஒரு முறைகூட அலுத்துக்கொள்ளவில்லை. சில நாள் பதில் வரத் தாமதமாகும், ஆனால் கேட்டது கேட்டபடி வரும். தன் கண்ணாடிக் கடை வேலையையும் கழுத்துப் பூதக்கண்ணாடியையும் பற்றி அவள் எழுதியிருந்தாள். பதிலுக்கு அவரும் கேட்டார், கண்ணாடி அடிக்கடி மூக்கில் வழுக்குகிறதே அதற்கு என்ன செய்யலாம் என்று. கழுகக்கா ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினாள். கடையில் அவளிடம் அதையே கேட்டால் "கொடுங்க" என்று வாங்கி இரண்டு திருகு திருகிக் கொடுத்துவிடுவாள்.

இதையெல்லாம் முதலில் மோப்பம் பிடித்தது அண்ணி. துணி காயப்போட மாடிக்கு வந்தவள், போனைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தாள். துணி வாளியை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அண்ணிக்குப் பின்னும் தெரியாது, மூடியும் தெரியாது. ஆனால் படத்தின் பின்னணியை ஆராய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"அந்தச் சாமானை விடுடி. பின்னாடி பாரு. ஒரே ஒரு டம்ளர். ஜன்னல்ல ஒரு துண்டு, அதுவும் ஒண்ணுதான். கொடியில புடவை, தாவணி, ஒண்ணும் காணோம். தனியாத்தான் இருக்காரு."

"நான் பிராசசர் வாங்கறேன் அண்ணி."

"நீ வாங்கு, யார் வேணாங்கறா" என்று சொல்லிவிட்டு அண்ணி படத்தை இன்னும் பெரிதாக்கினாள். பிராசசரைப் பிடித்திருந்த கட்டைவிரல் தெரிந்தது. அண்ணியின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. விரல் நுனி முழுக்கச் சுருக்கம். எல்லாப் படத்தையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே சுருக்கம். எழுபது வயசுக்குக் குறையாது என்று அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டுத் துணி காயப்போட எழுந்துபோனாள்.

எழுபதாக இருந்தால் எனக்கென்ன, நான் பிராசசர்தானே வாங்குகிறேன் என்று கழுகக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆனால் சாயங்காலம் ஓட்டை வாளியிடமிருந்து புதுப் படம் வந்தபோது மனம் பழையபடி துள்ளிற்று. அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. இந்த ஆளுக்கு வயசு என்னவாக இருந்தாலும், இவரோடு பேசுவது நின்றுபோனால் தன்னால் தாங்க முடியாது.

கேட்பதற்குப் பிராசசரில் இடம் தீர்ந்துபோன பிறகு, வேறு வழியில்லாமல் அதை வாங்கினாள்.

பெரிய பிராசசர் என்றால் சூடும் பெரிது. அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே தள்ள கூலர் என்று ஒன்று வேண்டும். அவளிடமிருந்த பழைய கூலர் போதாது. கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ப் பெட்டி பிரிக்காத புதுக் கூலர் ஒன்று வாங்கி வந்தாள். கம்ப்யூட்டருக்கென்று அவள் வாங்கிய முதல் புத்தம்புதுச் சாமான் அதுதான். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. புதுசில் பார்க்க என்ன இருக்கிறது?

பார்சல் வந்தது. எலி கடித்த பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்து பிராசசர் இருந்தது. கூச்சப்பட்ட பின்னை நேரில் பார்த்ததும் "வா" என்றாள். மாட்டினாள். மூடிமேல் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பேஸ்ட் வைத்து, கூலரை அழுத்திப் பூட்டி, பட்டனை அமுக்கினாள். திரை பளிச்சென்று எழுந்தது. கழுகக்கா கையைத் தூக்கி ஆட ஆரம்பித்தாள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிட்டது.

மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. கழற்றினாள், துடைத்தாள், பூதக்கண்ணாடியில் பின் பின்னாகப் பார்த்தாள், புதுப் பேஸ்ட் வைத்தாள், பூட்டினாள். எழுந்தது, அணைந்தது. திரும்பத் திரும்ப இதே கூத்து. பழைய பிராசசரை மாட்டினால் ஒரு வழியாக ஓடிற்று, ஓட்டை வாளி அனுப்பியதுதான் நிலைக்கவில்லை. அப்படியானால் கோளாறு இதில்தான், சந்தேகமே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. கெட்ட சாமான் அவளிடம் எத்தனையோ வந்திருக்கிறது, அதற்கெல்லாம் அவள் அழுததில்லை. எலியைப் பற்றி எழுதிய மனிதர் தன் காதில் பூச்சுற்றிவிட்டாரே என்றுதான் அழுதாள். அழுகை அப்படியே கோபமாகத் திரும்பிற்று. கோபத்தில் எழுத உட்கார்ந்தால் கழுகக்காவின் விரல் நன்றாக ஓடும். சந்தையில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினாள்: "இவரிடம் வாங்காதீர்கள். இவருடைய பேச்சு மட்டும்தான் நல்ல கண்டிஷன்."

ஊரே கைதட்டியது. கழுகக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு ஓட்டை வாளியைத் திட்டி எழுதினார்கள்.

அவரிடமிருந்து மறுநாள் ஒரு பதில் வந்தது. "பணத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். என்கிட்ட நல்லாத்தான் ஓடுச்சு, வழியில ஏதாவது ஆயிருக்கும். சாமானைத் திருப்பி அனுப்ப வேணாம், உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல். மன்னிச்சுக்குங்க." அவ்வளவுதான். எலி இல்லை, சண்டையும் இல்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சில நாள் கழித்து அண்ணி மாடியைப் பெருக்க வந்தாள். மேசைமேல் கூலர் கவிழ்ந்து கிடந்தது. அண்ணி அதை நகர்த்தி வைக்க எடுத்தவள் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"இந்த ஸ்டிக்கரை ஏன்டி உரிக்கல?"

கழுகக்கா திரும்பிப் பார்த்தாள். அண்ணி நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தாள். கூலரின் அடியிலிருந்து கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் பிலிம் ஒன்று, காய்ந்த பேஸ்ட்டோடு, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. கூலரை மாட்டுவதற்கு முன் உரித்துப் போட வேண்டிய பிலிம். அதன் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் அதை எழுதியும் இருந்தார்கள். அதை உரிக்காமல் பூட்டினால் சூடு கூலருக்குப் போகாது. பிராசசர் உள்ளேயே வெந்து, உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அவளுடைய பழையது சின்னது, சூடும் குறைவு, அதனால்தான் அது பிலிமோடும் ஓடிற்று. ஒவ்வொரு முறையும் தப்பாமல் அணைந்ததே, அது எவ்வளவு நல்ல பிராசசர் என்பதற்கு அத்தாட்சி.

கடையில் புதுக் கண்ணாடி வந்தால் அதன் லென்ஸில் ஒட்டியிருக்கிற பிலிமை உரிப்பதுதான் அவளுடைய முதல் வேலை. நாள் முழுக்க உரித்துக்கொண்டே இருப்பாள். ஆனால் இதில் அவள் பார்த்ததெல்லாம் பழைய சாமானை மட்டுமே. குற்றவாளி அதுதான் என்று முன்னாலேயே தீர்மானித்துவிட்டு, அதன் ஒவ்வொரு பின்னையும் விசாரித்தாள். புதுசை யார் சந்தேகப்படுவார்கள்?

பிலிம் இல்லாமல் மாட்டினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. எழுந்தது எழுந்தபடி நின்றது. அதன் வேகத்தைப் பார்த்து ஆடுவதற்கு அவளுக்குக் காலே வரவில்லை. மதிப்புரையை அழிக்கப் போனாள். பணம் திரும்பிவிட்டால் வழக்கு முடிந்தது, இனி எழுதியதை மாற்ற முடியாது என்று சந்தை சொல்லிவிட்டது. அவருக்கு நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினாள். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினாள். அதற்கும் வரவில்லை.

பிறகு அவள் செய்ததைக் கழுகக்காவைத் தெரிந்தவர்கள் நம்பவே மாட்டார்கள். அந்தப் பிலிமைக் கையில் பிடித்துத் தன் முகத்தோடு ஒரு படம் எடுத்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டாள். "சாமான் நல்ல சாமான். விற்றவர் நல்ல மனிதர். கழுகுக்குக் கண் பொட்டை" என்று எழுதினாள். சந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அவளிடம் அடி வாங்கிய வியாபாரிகள் எல்லாம் வரிசையில் வந்து வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். பிலிமக்கா என்று புதுப் பெயர் சூட்டினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் "ஆமாம்" என்று பதில் எழுதினாள். எல்லோரும் வந்தார்கள், ஓட்டை வாளி மட்டும் வரவில்லை.

"சாமானும் உங்கிட்ட, பணமும் உங்கிட்ட" என்றாள் அண்ணி. "இதுக்கு என்ன பேருன்னு நான் சொல்லட்டுமா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடை விடுமுறை நாளில் காலை பதினோரு மணிக்குக் கழுகக்கா பிராசசரைப் பஞ்சில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் பூதக்கண்ணாடியும் இடுக்கியும் கூடவே வந்தன. பார்சல் உறையில் அனுப்பியவர் முகவரி இருந்தது. அண்ணி ஸ்கூட்டரை எடுத்தாள். வழி நெடுக, பெரியவர் முன்னால் எப்படி நிற்பது, என்ன சொல்வது என்று கழுகக்கா முனகிக்கொண்டே வந்தாள். வயசானவர், திட்டினாலும் வாங்கிக்கொள் என்று அண்ணி முன்னாலிருந்து கத்தினாள்.

முகவரி ஒரு நீச்சல் குளத்தில் கொண்டுபோய் விட்டது. குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படி, மேலே ஓர் அறை. ஸ்கூட்டரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அண்ணி கீழேயே நின்றுவிட்டாள். கழுகக்கா ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவருக்குத் தலை ஈரமாக இருந்தது. தோளில் துண்டு. அவளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். கதவைப் பிடித்திருந்த கையில் விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிக் கிடந்தது. குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவர்.

எழுபது வயதுக்காரருக்கென்று அவள் தயார் பண்ணி வைத்திருந்த அத்தனை வார்த்தைகளும் பறந்துபோயின.

"ஓட்டை வாளி?" என்றாள்.

"ஆமா" என்றார் அவர். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைப் பார்த்தார். முகம் மெல்ல மாறிற்று. "நீங்க... அதைத் திருப்பி அனுப்ப வேணாம்னுதானே எழுதினேன்?"

அவள் எழுதிய மன்னிப்பு எதையும் அவர் படித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் இதை வாயால் சொல்ல வேண்டும், முகத்தைப் பார்த்து. கழுகக்கா வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னாள், கூலரை, பிலிமை, அண்ணியை, அழுததை, எல்லாவற்றையும். நடுவில் மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை. சொல்லி முடித்தபோது அவளுக்குக் காது வரைக்கும் எரிந்தது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப அது ஓடுதா?"

"ஓடுது. அப்படி ஓடுது."

அவர் கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நல்லவேளை, செத்துப்போச்சுன்னு நினைச்சு ரொம்ப வருத்தமா இருந்துச்சு என்று சிரிப்புக்கு நடுவே சொன்னார். இவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. உள்ளே வரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இருந்தது ஒரே நாற்காலி. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் குடல் வெளியே தெரியத் திறந்து கிடந்தது. பிராசசர் இருக்க வேண்டிய இடம் காலி. விற்றது எங்கே இருந்தது என்று கழுகக்காவுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. தன் வேலைக்குச் சின்ன பிராசசரே போதும் என்று அவர் இதை விற்றிருக்கிறார். அதற்குப் பதிலாக இன்னொரு சந்தையில் ஒரு சின்னதை, ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்கியிருக்கிறார். அது வந்த நாளிலிருந்து எழவே இல்லை. போன் என்று வைத்திருப்பது பட்டன் போன்தான். நல்ல போன் வாங்கினால் அது எப்படியும் குளத்துக்குள் போய்விடுகிறது. குளத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு நாள் உட்கார இடம் கிடைத்தபோதுதான் அவளுடைய புகாரைப் பார்த்துப் பணத்தைத் திருப்பியிருக்கிறார்.

கழுகக்கா அந்தச் சின்னப் பிராசசரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அது சாகவில்லை. ஒரு பின் படுத்துக் கிடந்தது, அவ்வளவுதான். பையிலிருந்து இடுக்கியை எடுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, மூக்குக் கம்பி வளைக்கிற கையால் அதை மெல்ல மெல்ல எழுப்பினாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். பின் எழுந்து நின்றது. இன்னும் நூலளவு நிமிர்ந்தால் போதும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையை நிறுத்தாமல் கேட்டாள், வேறு கம்ப்யூட்டர் இல்லையென்றால் தனக்கு அத்தனை படமும் எப்படி அனுப்பினார் என்று.

இதிலிருந்துதான் என்றார். காமிராவில் படம் எடுத்து, இதில் ஏற்றி அனுப்புவது வழக்கம். ஆனால் பிராசசர் இதற்குள்ளே அல்லவா இருந்தது? அதனால் அவள் படம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்து, திறந்து, கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, பிராசசரை வெளியே எடுத்துப் படம் பிடித்து, மறுபடி அதை உள்ளே வைத்து, புதுப் பேஸ்ட் தடவி, எல்லாவற்றையும் பூட்டி, போட்டு, அதற்குப் பிறகு அனுப்பியிருக்கிறார். குளத்தில் வகுப்பு முடிந்து வந்த கையோடு. ஒவ்வொரு முறையும்.

எத்தனை படம் கேட்டிருப்பாள்! ஒரே ஓரத்தை எத்தனை தடவை! பூதக்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கிற தைரியத்தில், உண்மையைச் சொன்னாள்.

"முதல் போட்டோலயே தெரிஞ்சுபோச்சு, நல்ல சாமான்னு. மத்ததெல்லாம்... சும்மா கேட்டது."

கீழே குளத்தில் யாரோ குதிக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார். "பழைய சாமான் வாங்கறவங்க யாரும் ஒரே பின்னை அத்தனை தடவ பாக்க மாட்டாங்க."

"தெரிஞ்சுமா கழட்டினீங்க?"

"நீங்க கேட்டீங்களே."

இத்தனை வருஷமாக ஒரு லென்ஸைக் கீறாத, ஒரு திருகாணியைத் தவறவிடாத அந்தக் கை சறுக்கிற்று. நிமிர்ந்து நின்ற பின் இடுக்கியில் மாட்டிப் பழையபடி சாய்ந்து படுத்துவிட்டது. அதை எழுப்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று அவள் சொன்னாள். சாயங்காலம் வரை வகுப்பு எதுவும் இல்லை என்று அவர் சொன்னார்.